கூட ஒருவர் தங்கலாமா?

2006 பிப்ரவரியில், ஹவானாவில் நான் தங்கியிருந்த ஓட்டலின் வாசலில் என் நண்பரைக் காவலாளி நிறுத்திவிட்டார். நான் உள்ளே, அவர் வெளியே. நடுவில் கண்ணாடிக் கதவு. நண்பர் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கையில் ஒரு பொட்டலம். கொய்யாப் பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சி இறுக்கிய கட்டி அது. எனக்காக அவர் மனைவி செய்து அனுப்பியது.

நான் ஓடிப்போய், "இவர் என் விருந்தாளி" என்றேன். காவலாளி மரியாதையாகவே பேசினார். முன்கூடத்தில் உட்கார்ந்து காபி குடிக்கலாம், மாடிக்குப் போகக் கூடாது, இரவு தங்குவது என்ற பேச்சே கிடையாது. என் நண்பர் கியூபக் குடிமகன், அது ஒன்றுதான் காரணம். அவருடைய நாட்டில், அவருடைய தலைநகரில், நாமக்கல் பக்கத்திலிருந்து போன எனக்கு அறை உண்டு, அவருக்கு இல்லை.

காபியை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "1974-ல் எனக்குக் கல்யாணம். அப்போதெல்லாம் புதுமணத் தம்பதிக்கு அரசே சலுகை விலையில் ஓட்டலில் இடம் கொடுக்கும். இதே கடற்கரைச் சாலையில் மூன்று இரவு தங்கினோம். ஜன்னலைத் திறந்தால் கடல்." குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் காபி இறங்கவில்லை.

எங்களுக்குள் பழக்கம் வந்தது கரும்பால். நான் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் வேதியியலாளராக இருந்தேன். டெல்லியில் நடந்த ஒரு கரும்பு மாநாட்டில் அவரைச் சந்தித்தேன். அவர் ஹவானாவுக்குக் கிழக்கே, 50 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கும் ஹெர்ஷி ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். ஆமாம், சாக்லேட் ஹெர்ஷிதான். மில்டன் ஹெர்ஷி 1916-ல் கியூபாவில் நிலம் வாங்கி ஆலை கட்டி, தொழிலாளருக்கு வீடுகள் அமைத்து, மின்சார ரயிலும் ஓட்டினார். புரட்சிக்குப் பின் ஆலைக்கு கமிலோ சியென்ஃபுவேகோஸ் என்று பெயர் மாறியது. ஊர்க்காரர்கள் வாயில் இன்றும் அது ஹெர்ஷிதான்.

1990 வாக்கில் ஆண்டுக்கு 80 லட்சம் டன் சர்க்கரை செய்த நாடு அது. சோவியத் யூனியன் உடைந்ததும் வாங்க ஆளில்லை, எண்ணெய் கொடுக்கவும் ஆளில்லை. 2002-ல் நாட்டின் 156 ஆலைகளில் ஏறக்குறைய பாதியை மூடினார்கள். ஹெர்ஷியும் அதில் போனது. வேலை இழந்தவர்களைச் சம்பளத்தோடு படிக்க அனுப்பியது அரசு. என் நண்பர் 54 வயதில் மறுபடி வகுப்பறைக்குப் போனார். ஆலை மூடிய செய்தியை எனக்கு எழுதிய கடிதத்தில், கடைசி நாள் பாகின் தூய்மை எவ்வளவு இருந்தது என்ற எண்ணையும் சேர்த்து எழுதியிருந்தார். அந்தக் கடிதம்தான் என்னை ஹவானாவுக்குக் கூட்டிப்போனது என்று சொல்லலாம்.

அன்று மாலைக்குள் அவர் ஊர் திரும்புவது நடக்காத காரியம். துறைமுகத்தின் அக்கரையில் காசாபிளாங்காவிலிருந்துதான் ஹெர்ஷி ரயில் கிளம்பும். போகிற வழியில் எங்கே நிற்கும், எத்தனை மணி நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஏழு வருடம் கழித்துச் சந்திக்கிறோம். ஓர் இரவாவது உட்கார்ந்து பேச வேண்டும். "ஓட்டலைக் காலி செய்துவிட்டு வருகிறேன், வீடு தேடுவோம்" என்றேன்.

வீடு என்று நான் சொன்னது 'காசா பர்த்திகுலார்'. தனியார் வீடு என்று அர்த்தம். 1991-க்குப் பிறகு வந்த பஞ்ச காலத்தில், வயிற்றுப் பாட்டுக்காக மக்கள் வீட்டிலே ஓர் அறையை ஒழித்து வெளிநாட்டவருக்கு விட ஆரம்பித்தார்கள். 1993-ல் டாலர் வைத்திருப்பது குற்றமில்லை என்று ஆனது. 1997-ல் வீட்டு அறையை வாடகைக்கு விடுவதற்குச் சட்டம் வந்தது. உரிமம் பெற்ற வீட்டின் கதவில் நங்கூரம் போல ஒரு நீலச் சின்னம் இருக்கும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அறைக்கு இவ்வளவு என்று மாதம் தவறாமல் அப்போது வரி கட்ட வேண்டியிருந்தது.

சென்ட்ரோ ஹவானாவில் சான் லாசாரோ தெரு. உப்புக்காற்று தின்ற பால்கனிகள், கொடியில் துணிகள், திண்ணையில் டோமினோ ஆடும் கிழவர்கள். நீலச் சின்னம் கண்ட வீடுகளில் ஏறி ஏறி நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த ஸ்பானிஷ் வாக்கியத்தைச் சொன்னேன்: "கூட ஒருவர் தங்கலாமா? அவர் கியூபர்."

முதல் வீட்டில் ஒரு ஆள் கண்ணைச் சிமிட்டி, "யாரை வேண்டுமானாலும் கூட்டி வா, கூடுதலாகக் கொடுத்தால் போதும்" என்றார். இரண்டாவது வீட்டில் ஒரு பெண் என் முகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஏன் என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் சுண்டிப்போனது. அந்தக் கேள்வியோடு அந்தத் தெருவில் ஏறி இறங்கும் வெளிநாட்டு ஆண்களில் பலருக்கு ஒரே நோக்கம்தான். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் பார்த்த ஏழைப் பெண்ணை இரவுக்குக் கூட்டிவர ஓர் இடம் வேண்டும். ஓட்டல்களில் உள்ளூர்க்காரர்களை விடாததற்கு அரசு தரப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் அந்தத் தடையால் பாலியல் வியாபாரம் நிற்கவில்லை. வீடுகளுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். நின்றுபோனது என் நண்பரைப் போன்றவர்களின் இரவுதான். இப்படி ஒரு பொதுத்தடை போட்டால் அது யாரைப் பிடிக்கும், யாரை விட்டுவிடும் என்று யோசிக்காமல் போடுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாவது வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. கதவைப் பாதி திறந்து நின்றபடியே விசாரணை செய்தார்.

"பெண்ணா?"

"இல்லை அம்மா. 58 வயது ஆண். சர்க்கரை ஆலை வேதியியலாளர். ஹெர்ஷி ஊர்க்காரர்."

"உனக்கு எப்படித் தெரியும் அவரை?"

"நானும் அதே வேலைதான்."

கொஞ்சம் யோசித்தார். "அவரிடம் அடையாள அட்டை இருக்கிறதா? அட்டை இருந்தால் வரட்டும், மகனே. அட்டை இல்லாமல் என் வீட்டில் யாரும் தூங்க முடியாது."

அட்டையை வாங்கிப் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டார், பிறந்த தேதியைப் பார்த்தார். அந்தத் தேதியைப் பார்ப்பதுதான் தனக்கு முக்கியம் என்று பிறகு என்னிடம் சொன்னார். வெளிநாட்டு ஆள் ஒருவன் ஒருமுறை சின்னப் பெண் ஒருத்தியோடு வந்து நின்றானாம். துடைப்பத்தை எடுத்திருக்கிறார். அதற்குப் பின் ஒரு வாரம் அறை காலியாகவே இருந்தது, வரி மட்டும் கட்டினேன் என்றார். பதியாமல் ஒருவரைத் தங்கவைத்தது தெரிந்தால் அபராதம், உரிமம் பறிபோகும். தெருவுக்குத் தெரு 1960-லிருந்து இயங்கும் புரட்சிப் பாதுகாப்புக் குழுவின் கண்கள் வேறு. இவ்வளவுக்கும் நடுவில்தான் அந்த அம்மா எங்களுக்குக் கதவைத் திறந்தார்.

சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய பதிவுப் புத்தகத்தை விரித்தார். என் பாஸ்போர்ட் எண், விசா, வந்த நாள், போகும் நாள். 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும். அடுத்த வரியில், அதே பேனாவால், அதே எழுத்தில் நண்பரின் பெயரை எழுதினார். வாடகை இரவுக்கு 25. அந்நியர்கள் செலவழித்த மாற்றுப் பெசோவில். நண்பருக்குச் சம்பளம் வந்த சாதாரணப் பெசோவில் அது அறுநூறு, ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மேல்.

நண்பர் அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்: "இந்தப் பக்கத்தின் தலைப்பு விருந்தாளி. இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் இருக்கிறோம்."

அந்த ஆண்டை 'ஆற்றல் புரட்சி ஆண்டு' என்று அரசு அறிவித்திருந்தது. வீட்டுக்கு வீடு சீனாவிலிருந்து வந்த மின்சாரக் குக்கர் கொடுத்தார்கள். அதற்கு 'ரெய்னா' என்று பெயர், ராணி. அம்மாவுக்கு அதைத் தொடவே பயம், வெடித்துவிடும் என்று. குக்கரோடு பிறந்து வளர்ந்தவன் நான். கறுப்பு பீன்ஸை ஊறவைத்து, ரெய்னாவில் வேகவைத்து, அரிசியையும் போட்டு இறக்கினேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். கொய்யாக் கட்டியை அம்மா வெட்டிச் சீஸ் துண்டோடு வைத்தார்.

பிறகு நள்ளிரவு தாண்டிப் பேச்சு. அரவைப் பருவம், சர்க்கரைக் கட்டுமானம், கழிவுப்பாகில் போய்விடும் சர்க்கரையை எப்படி மீட்பது, சோடா ஏறிய கொதிகலன் நீர். உலகத்தில் வேறு யாருக்கும் சுவைக்காத விஷயங்கள். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம் 1912-ல் தொடங்கியது, அங்கே 1918-ல் வெளியான கோ 205 ரகத்தில் ஆரம்பித்து 'கோ' என்ற எழுத்தோடு எத்தனையோ ரகங்கள் உலகமெங்கும் போயின. அவர் இளைஞராக ரக அட்டவணைகளில் அந்த எழுத்தைப் படித்தவர், ஆனால் அது ஓர் ஊரின் பெயர் என்று தெரியாது. "முழுப்பேரையும் சொல்லுங்கள்" என்றார். கோயம்புத்தூர் என்றேன். நாலைந்து முறை சொல்லிப் பழகினார். அம்மா எழுந்துவந்து விளக்கை அணைத்தார்.

ஊர் திரும்பிய சில வருடங்களில், நம்மூரிலும் இதே கதவைப் பார்த்தேன். எங்கள் ஊரில் குழாய் ரிப்பேரால் வீட்டில் இரண்டு நாள் தண்ணீர் இல்லை. உடம்பு முடியாத என் சித்தப்பாவுக்காக உள்ளூர் லாட்ஜில் ரூம் கேட்டேன். "லோக்கல் ஐடிக்கு ரூம் கிடையாதுங்க" என்றார்கள். முகவரி அதே ஊராக இருப்பதே குற்றம். உள்ளூர் ஜோடிகள் அறை எடுத்துவிடக் கூடாது என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் கணக்கு. 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கோயம்புத்தூர் வழக்கு ஒன்றில், திருமணமாகாத இருவர் ஓட்டல் அறையில் தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. அதற்குப் பிறகும் எத்தனை கவுண்டர்களில் உள்ளூர்க்காரருக்கு அறை இல்லை என்ற பலகை தொங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். கியூபாவைக் குறை சொல்ல நமக்குத் தகுதி கொஞ்சம் குறைவுதான்.

கியூபாவில் சட்டம் மாறியது 2008 மார்ச் 31-ல். ராவுல் காஸ்ட்ரோ பதவியேற்ற சில வாரங்களில், கியூபர்கள் தங்கள் நாட்டின் எந்த ஓட்டலிலும் காசு கொடுத்துத் தங்கலாம் என்று ஆனது. நண்பர் எனக்கு ஒரே வரியில் கடிதம் எழுதினார்: "இனி என்னை நிறுத்த மாட்டார்கள்." அடுத்த முறை வரும்போது கடலைப் பார்த்த அறை எடுப்போம் என்று நான் பதில் போட்டேன். அந்த அடுத்த முறைக்குப் பதினாறு வருடம் ஆகிவிட்டது. என் மகள் கல்யாணம், மனைவியின் நோய், பிறகு கொரோனா. சொல்லிக்கொள்ளக் காரணங்கள் உண்டு. வருத்தம் தீரவில்லை.

நடுவில் ஹவானாவுக்கு நல்ல காலம் ஒன்று வந்து போனது. 2014 டிசம்பரில் அமெரிக்காவோடு உறவு துளிர்த்தது. 2015-ல் ஏர்பிஎன்பி வந்தது. 2018-ல் 47 லட்சம் பேர் கியூபாவுக்குப் போனார்கள். அந்த அம்மாவும் மூன்றாவது அறை கட்டினார், மகன் அனுப்பிய படத்தில் சுவருக்கு மஞ்சள் வண்ணம். அதன்பின் எல்லாம் இறக்கம். அமெரிக்கத் தடைகள் மறுபடி இறுகின, பெருந்தொற்று விமானங்களை நிறுத்தியது, 2021 ஜனவரியில் இரண்டு நாணயத்தை ஒன்றாக்கியதில் விலைவாசி கட்டறுத்தது. அந்த நவம்பரில் நிகரகுவா விசா இல்லாமல் கியூபர்களை உள்ளே விட்டது. அங்கிருந்து வடக்கே நடந்தார்கள். நாட்டின் புள்ளிவிவர அலுவலகமே ஒப்புக்கொண்ட கணக்கு இது: 2021-ல் 1 கோடியே 11 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் தொகை, 2023 முடிவில் 1 கோடியே சொச்சம். பத்து லட்சம் பேருக்கு மேல் குறைந்துவிட்டார்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் மறுபடி சான் லாசாரோ தெரு. அறையைச் செயலியிலேயே பிடித்தேன். பால்கனிக் கம்பியின் வளைவைப் பார்த்து அதே வீடு என்று தெரிந்துகொண்டேன். கதவைத் திறந்தது இருபது வயதுப் பெண், பக்கத்து வீட்டுக்காரரின் உறவு. அம்மா 2022-ல் மகனிடம் ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார். மூன்று அறைகளும் காலி.

"கூட ஒருவர் தங்கலாமா?" என்று கேட்டேன். பழக்கம். "அவர் கியூபர்."

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "தங்கட்டும். எந்த அறை வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள். அட்டையைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அதற்காக நான் சந்தோஷப்பட வேண்டும். படவும் செய்தேன். ஆனால் யார், எவர், எப்படித் தெரியும் என்று பாதிக் கதவில் நின்று கேட்ட அந்தக் குரலை மனம் தேடியது.

நண்பருக்கு அப்போது 76 வயது. மனைவி இல்லை. மகள் நிகரகுவா வழியாகப் போய், இப்போது டெக்சஸில் இருக்கிறாள். ஹெர்ஷி ரயில் சில ஆண்டுகளாகவே ஹவானாவுக்கு ஓடுவதில்லை. லாரியின் பின்புறம் நின்றுகொண்டு ஐந்து மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். கையில் பொட்டலம் இல்லை, அதற்காக மன்னிப்புக் கேட்டார். கொய்யா கிடைக்கிறது, சர்க்கரை கிடைக்கவில்லை என்றார். ஒரு காலத்தில் உலகத்துக்கே சர்க்கரை விற்ற நாடு. அந்த ஆலையில் முப்பது வருடம் உழைத்தவர். அவர் வீட்டில் சர்க்கரை இல்லை. என் பையில் நாமக்கல் பக்கத்து அச்சு வெல்லம் இரண்டு கிலோ இருந்தது. ஒன்றை உடைத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "சுண்ணாம்பு சரியாக இருக்கிறது" என்றார்.

அன்றிரவு, அதாவது டிசம்பர் 4 அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு, நாடு முழுவதும் மின்சாரம் போனது. மத்தான்சாஸில் உள்ள அந்தோனியோ கித்தேராஸ் அனல்மின் நிலையம் பழுதாகி நின்றதில் மொத்த மின்தொடரும் சரிந்தது. அக்டோபரிலும் இப்படித்தான் ஆனது. மின்விசிறி நின்றதும் இருவரும் பால்கனிக்கு வந்தோம். தெரு இருட்டு. கடற்கரைச் சாலை இருட்டு. ஜெனரேட்டர் உள்ள ஓட்டல்கள் மட்டும் வெளிச்சத்தில் நின்றன. வெதாதோ பக்கம் 42 மாடிக்கு ஒரு புது ஓட்டல் எழும்பி, திறப்பு விழாவுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

"நாளை இரவு வெளிச்சம் உள்ள அந்த ஓட்டல்களில் ஒன்றுக்குப் போவோமா? உங்களுக்குக் கடலைப் பார்த்த அறை எடுப்பதாக எழுதியிருந்தேனே" என்றேன்.

அவர் சிரித்தார். "சட்டப்படி போகலாம். என் ஓய்வூதியம் மாதம் 1,528 பெசோ. தெருவில் ஒரு டாலர் முந்நூறு பெசோவுக்கு மேல். ஓர் இரவுக்கு நீங்கள் கொடுக்கப்போகும் பணத்தில் நான் ஒன்றரை வருடம் சாப்பிடுவேன். அந்தக் கட்டிலில் எனக்குத் தூக்கம் வராது."

நான் மேலே பேசவில்லை. மறுநாள் காலையில் அந்த அறை வாடகைக்கு ஆகியிருக்கும் தொகையை அவர் கையில் வைத்தேன். வாங்க மறுத்தார். ஆலையில் ஒரே ஷிஃப்ட் பார்த்தவர்கள்போல நாங்கள் சண்டை போட்டோம். கடைசியில் வாங்கிக்கொண்டார். அவர் அழுததை இங்கே எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன். ஒரு மனிதரின் முப்பது வருட உழைப்பு, இன்னொரு நாட்டுக்காரன் பையில் கைவிட்டு எடுக்கும் ஒரு கத்தை நோட்டில் வந்து முடிவது அநியாயம். அது அமெரிக்கத் தடையால் ஆனதா, கியூப ஆட்சியின் தவறுகளால் ஆனதா என்று ஹவானாவில் எல்லோரும் வாதாடுகிறார்கள். இரண்டும்தான் என்பது என் எண்ணம். தெரிந்தே செய்தவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

மின்சாரம் ஓரளவு வந்து, செல்போன் உயிர்பெற்ற பிறகு, ஃபுளோரிடாவில் இருக்கும் அம்மாவுக்குக் குரல்பதிவு ஒன்று அனுப்பினோம். இருவரும் மாறி மாறிப் பேசினோம். பதில் வந்தது. எண்பதைத் தாண்டிய குரல். எங்களை நினைவிருக்கிறது, ரெய்னா குக்கர் இன்னும் சமையலறை அலமாரியில்தான் இருக்கும், எடுத்துப் பாருங்கள் என்றார். கடைசியாக ஒரு கேள்வி: "அந்த ஹெர்ஷிக்காரர் அட்டை கொண்டுவந்தாரா, மகனே?" நண்பர் அந்தப் பதிவை மூன்று முறை போட்டுக் கேட்டார்.

கியூபா போகிறேன் என்று சொல்லி என்னிடம் வழி கேட்பவர்கள் இப்போது சிலர்தான். அவர்களுக்கு நான் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஓட்டல் வேண்டாம், வீட்டில் தங்குங்கள். வாடகையை வீட்டுக்காரர் கையில் கொடுங்கள், காலைச் சாப்பாட்டையும் அங்கேயே சாப்பிடுங்கள். பையில் பாரசிட்டமால், நீரிழிவு மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை எது முடியுமோ கொண்டுபோங்கள், மருந்துக்கடைகளில் இல்லை. சர்க்கரையும் கொண்டுபோங்கள். உள்ளூரில் உங்களுக்கு ஒரு நண்பர் இருந்தால் இரவு தங்க அழையுங்கள், அட்டையோடு வரச் சொல்லுங்கள். அவருக்கும் சேர்த்துச் சோறு சொல்லுங்கள்.